மஞ்சள் நாடாவுக்கு இருபுறமும்

அந்தப் புகையிரதப் பெட்டியின் நடைபாதையில், நான்காம் அறைக்கும் ஐந்தாம் அறைக்கும் நடுவே, தரையில் குறுக்காக ஒரு மஞ்சள் நாடா ஒட்டப்பட்டிருந்தது. நாங்கள் சேர்வதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே யாரோ ஒட்டியது. ஒன்று முதல் நான்கு வரையான அறைகள் புதன்கிழமைக்காரருக்கு. ஐந்து முதல் எட்டு வரை சனிக்கிழமைக்காரருக்கு. ஒரே பெட்டியைப் புதுப்பிக்க வந்த, ஒரே சங்கத்தின் உறுப்பினர்கள், ஒரு கோட்டுக்கு இரண்டு பக்கமும் நின்று பதினொரு வருடம் வேலை செய்தார்கள் என்று சொன்னால் எவரும் நம்புவதில்லை. நானும் நம்பாமல்தான் முதல் நாள் அதைத் தாண்டி ஒரு காலை வைத்தேன். "அது அவர்களுடைய பக்கம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. குரலில் கோபம் இல்லை. சமையலறைக்கு எந்தப் பக்கம் போவது என்று விருந்தாளிக்குச் சொல்வது போன்ற தொனி. காலைத் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வீடு மெரிலேண்ட்ஸ் என்ற புறநகரில். அங்கிருந்து தென்மேற்கே ஒரு மணி நேரம் கார் ஓட்டினால், நீராவி எஞ்சின்களை இன்னமும் ஓட்டிக்கொண்டிருக்கும் தன்னார்வலர் சங்கம் ஒன்றின் கொட்டகை வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து, கரிப்புகையைச் சுவாசித்து, சிறிது தூரம் போய்த் திரும்பும். புதனும் சனியும் பழைய மரப்பெட்டிகளைச் சுரண்டுவதும் ஒட்டுவதும் பூசுவதும் நடக்கும். என் கணவர்தான் முதலில் சேர்ந்தார். திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு பொருட்கிடங்கில் வேலை செய்பவர் என்பதால் அவர் சனிக்கிழமைக்காரர். அறுபதைத் தாண்டிய மனிதர் ஏணியில் ஏறுவதைக் கண்காணிக்க நானும் ஒரு நாள் கூடப் போனேன். நகரசபை நூலகத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்று சொன்னதும், தைக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். நூலகத்துக்கும் தையலுக்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்கவில்லை, தெரியும் என்றேன். இருக்கை மெத்தை வேலை புதன்கிழமையில்தான் என்றார்கள். அப்படித்தான் எங்கள் ஒரே வீட்டுக்குள் இரண்டு கட்சியும் குடியேறின.

நாடா ஏன் வந்தது என்பதற்கு இரண்டு வரலாறுகள் இருந்தன. புதன்கிழமை பூசிய வார்னிஷ் காயுமுன் சனிக்கிழமைக்காரர்கள் அதன்மேல் ஏணியைச் சாய்த்தார்கள் என்பது ஒன்று. சனிக்கிழமை பொருத்திய கதவுப்பிடிகளைப் புதன்கிழமைக்காரர்கள் பிழையென்று கழற்றி ஒரு வாளிக்குள் போட்டார்கள் என்பது மற்றது. இரண்டும் உண்மை என்று எனக்குப் பின்னர் தெரிந்தது. நாடா ஒட்டிய பிறகு சண்டை இல்லை. பேச்சும் இல்லை. கொட்டகைச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. செய்திகள் அதில் எழுதப்படும். "வார்னிஷ் ஈரம் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தோம். வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு நன்றி." மறுவாரம் அதன் கீழே: "வாசித்தோம். எழுத்துப்பிழையைத் திருத்தியிருக்கிறோம்." காலைத் தேநீர் இடைவேளையை அங்கே எல்லோரும் ஸ்மோகோ என்பார்கள், புகைப்பவர் எவரும் இல்லை. அந்த அரை மணி நேரமும் மற்றக் கட்சியின் குறைகளைப் பற்றிய பேச்சு நடக்கும். நான் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி, என் கணவர் எந்தெந்த வகையில் மூடர் என்பதை, அவர் இன்னாரென்று அறியாதவர்களின் வாயால் பல மாதங்கள் கேட்டுக்கொண்டிருந்தேன். சில குற்றச்சாட்டுகள் சரியாகவே இருந்தன.

புதன்கிழமைக்குத் தலைவர் ஓய்வுபெற்ற ஒரு மரத்தச்சர். எண்பதை நெருங்கியவர். இடது கையில் ஒரு விரல் பாதிதான் உண்டு. அதைக் கொண்டே பலகையின் சமநிலையைத் தடவிப் பார்ப்பார். சனிக்கிழமைக்குத் தலைவர் ஒரு முன்னாள் பள்ளி ஆசிரியர். பழைய புகைப்படங்களும் வரைபடங்களும் அடங்கிய தடித்த கோப்பு ஒன்றை மழையிலும் வெயிலிலும் கக்கத்தில் வைத்திருப்பார். ஆதாரம் இல்லாமல் ஓர் ஆணி அடிக்கவும் விடமாட்டார். இருவரும் ஒருவரை ஒருவர் கண்டு ஐந்து வருடம் ஆகியிருந்தது.

மூன்று வருடத்தில் நான் எட்டு நீள மெத்தைகள் தைத்து முடித்தேன். அறைக்கு இரண்டு இருக்கை, எதிரெதிரே. உள்ளே குதிரைமயிர், மேலே அடர்சிவப்புத் தோல், ஓரமெங்கும் குறுணி ஆணி. குதிரைமயிரைப் பிரித்து அடைப்பது பொறுமையின் எல்லையைச் சோதிக்கும் வேலை. ஒரு பிடி கூடினால் மேடு, குறைந்தால் பள்ளம். முதல் மெத்தையை ஆறு தடவை பிரித்தேன். தச்சர் அதில் உட்கார்ந்து பார்த்து, "இது ஒட்டகம்" என்றார். ஏழாவது தடவை ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். அதுதான் அவருடைய பாராட்டு என்று அறிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

நாடாவுக்கு அந்தப் பக்கம் என் கணவர் மின்விளக்குகள் பொருத்தினார். அவர் ஊரில் மின்பொறியியலாளர். இந்த நாட்டுக்கு அகதியாக வந்தபோது அவருடைய சான்றிதழ்களை எந்த மேசையும் ஏற்கவில்லை. கிடங்கில் பாரந்தூக்கி வண்டி ஓட்டத் தொடங்கி, அங்கேயே தலை நரைத்தார். அதைப் பற்றி அவர் புலம்பியதில்லை. ஆனால் சனிக்கிழமை காலைகளில் அவர் சப்பாத்துப் போடும் வேகம் வேறாக இருந்தது. கொட்டகையில்தான், இருபத்தைந்து வருடத்தில் முதல் முறையாக, "இந்தக் கம்பி இவ்வளவு சுமை தாங்குமா?" என்று ஒருவர் அவரைக் கேட்டார். கேட்டவர் பதிலுக்காகக் காத்தும் நின்றார். நான்கு அறைகளுக்கும் அவர் வரைந்த மின்சுற்றுப் படம் எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இரண்டு வருடம் தொங்கியது.

இனி, எனக்கு இன்றும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும் அந்த மாலை.

சனிக்கிழமை. குசினி மேசையில் நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து மேசையில் வைத்தார். பச்சை நிறச் செயற்கைத் தோல்.

"இஞ்சரும், இது உம்மட மெஷினில தைபடுமோ? வாத்தியார் கேக்கச் சொன்னவர்."

"எதுக்கு?"

"சீற்றுக்குத்தான். எங்கட நாலு அறைக்கும்."

"சீற் சிவப்பெல்லோ?"

"ஆர் சொன்னது?"

"ஆர் சொன்னதோ? நான் மூண்டு வருசமாச் சிவப்பிலதானே தைக்கிறன்! இந்த வீட்டு முன்னறையில, உங்கட கண்ணுக்கு முன்னால!"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நான் அது வேற பெட்டிக்கு எண்டு நினைச்சன்."

நான் கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மெல்ல மெல்ல விசாரித்தபோது முழு விபரீதமும் வெளியே வந்தது. புதன்கிழமைக்காரர்கள் பெட்டியை அது முதன்முதலில் கட்டப்பட்ட கோலத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள்: சிவப்புத் தோல், வார்னிஷ் பூசிய மரக்கூரை, எரிவாயு விளக்கு. சனிக்கிழமைக்காரர்கள் அதைப் பல பத்தாண்டுகள் கழித்து மாற்றியமைத்த கோலத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள்: பச்சை இருக்கை, வெண்மஞ்சள் கூரை, மின்விளக்கு. எந்தக் காலத்துப் பெட்டியாக இது இருக்க வேண்டும் என்று பதினொரு வருடத்தில் ஒருவரும் எழுதி வைக்கவில்லை. மற்றவர்களுக்கும் அது தெரியும் என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள். தூசு போகாமல் அறைக் கதவுகளை மூடி, கண்ணாடிகளில் காகிதம் ஒட்டியிருந்ததால், நாடாவுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று பார்த்தவரும் இல்லை. பார்க்கக் கூடாது என்பது மரியாதையாம்.

"காஸ் விளக்கோ?" என்றார் அவர். சோற்றைப் பிசைந்த கை நின்றுவிட்டது. "அப்ப என்ர லைட்?"



அடுத்த புதன்கிழமை இது வெளியே வந்ததும் இரண்டு கட்சியும் வெட்கப்படும் என்று எதிர்பார்த்தேன். வெட்கத்துக்கு நேரம் இருக்கவில்லை. சங்கத்தின் மேலாளர் பலகையில் ஒரு கடிதம் ஒட்டினார். கூரையுள்ள தண்டவாளம் ஒன்றுதான் உண்டு. வேறொரு பெட்டி காத்திருக்கிறது. இன்னும் எட்டு வாரத்தில் அவர் வந்து பார்ப்பார். ஒரே திட்டத்தின்படி முடிக்கப்படக்கூடிய ஒரு பெட்டியை அவர் காணவில்லையென்றால், அது தார்ப்பாயின் கீழ் வெளி முற்றத்துக்குப் போகும். முற்றத்துக்குப் போன மரப்பெட்டிகளை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம். இரண்டு மழைக்காலத்தில் கூரை தொய்ந்து, கதவுகள் ஊதி, பிறகு அவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆக, ஏதோ ஒன்று தோற்க வேண்டும். புதன்கிழமை வென்றால் என் மெத்தைகள் இருக்கும். கணவரின் விளக்குகளும் கம்பிகளும் பிடுங்கப்படும். சனிக்கிழமை வென்றால் மறுதலை. மகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அம்மா, ஒரு ட்ரெயினுக்காக நீங்களும் அப்பாவும் டிவோர்ஸ் எடுக்கப் போறீங்களா? சீரியஸ்லி?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. என் கணவர் அந்தச் சுற்றுப்படத்தைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து மடித்து வைத்துவிட்டார். மெத்தை திரும்பவும் தைத்துக்கொள்ளலாம். கையும் ஊசியும் இருந்தால் போதும். பொறியியலாளர் என்று ஒருவர் கூப்பிடும் இடம் இன்னொன்று அவருக்குக் கிடைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

எனவே நான் தேடத் தொடங்கினேன். நேர்மையாகச் சொல்வதானால், முடிவை முதலில் வைத்துக்கொண்டு அதற்கான ஆதாரத்தைத் தேடினேன். நூலகத்தில் அப்படித் தேடிவந்த எத்தனையோ பேரை நான் மென்மையாகத் திருத்தி அனுப்பியிருக்கிறேன்.

நான்காம் அறை மட்டும் இன்னும் பழையபடி கிடந்தது. அதன் சுவரில், இருக்கையின் சாய்வு ஓரத்தை ஒட்டி, பழைய மின்கம்பி ஓடும் மெல்லிய இரும்புக் குழாய் மேலே ஏறியது. ஆறு தகட்டுப் பிடிகள் திருகாணியால் அதைச் சுவரோடு பிடித்திருந்தன. மற்ற மூன்று அறைகளிலும் இருந்த குழாய்களைத் தச்சர் எப்போதோ குப்பையென்று பிடுங்கியிருந்தார். ஒரு புதன்கிழமை, அளவெடுக்கக் குனிந்தபோது, ஒரு பிடியின் விளிம்புக்குக் கீழே நகக்கண் அளவில் ஒரு சிவப்புத் தெரிந்தது. திருப்புளியை எடுத்துத் திருகாணியைக் கழற்றினேன். பிடிக்கும் மரத்துக்கும் நடுவே நசுங்கிக் கிடந்த ஒரு துண்டு என் உள்ளங்கையில் விழுந்தது. பழைய தோல். அடர்சிவப்பு.

அதன் பொருள் எனக்கு உடனே விளங்கிற்று. மின்குழாயைப் பொருத்தியவன் தோலின் ஓரத்தின் மேலேயே திருகாணியை முறுக்கியிருக்கிறான். அப்படியானால் மின்விளக்கு வந்த நாளில் இருக்கையில் சிவப்புத் தோல் இருந்திருக்கிறது. பச்சை பிறகுதான் வந்தது. அதைப் போட்டவர்கள் பழைய தோலைக் கிழித்தபோது பிடிக்குக் கீழே மாட்டிய துண்டு மட்டும் தங்கிவிட்டது. இடையில் ஒரு காலம், சிவப்பு மெத்தையும் மின்விளக்குமாக இந்தப் பெட்டி ஓடியிருக்கிறது.

இரண்டு கட்சியும் கூடுவதற்கு நாள் குறிக்கவே மூன்று வாரம் சென்றது. புதன் என்றால் சனிக்காரர் வரமாட்டார்கள், சனி என்றால் புதன்காரர். கடைசியில், எஞ்சின் சூடாகும் முன் ஒரு ஞாயிறு காலை. பதின்மூன்று பேர், இரண்டு தனித்தனிக் கெண்டியில் தேநீர். நான் ஒரு சிறிய பிளாஸ்ரிக் பையில் அந்தத் தோல் துண்டை வைத்து, நடந்ததைச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன் என்று நினைத்தேன்.

ஆசிரியர் பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது எங்கே இருந்தது?"

"நான்காம் அறையில், பிடிக்குக் கீழே."

"கீழே இருந்தபோது எடுத்த படம்?"

பழைய புத்தகத்துக்குள் ஒரு தாளைக் கண்டால் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறிக்காமல் அதை எடுக்கக் கூடாது என்று இருபத்திரண்டு வருடம் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். படம் எடுக்கவில்லை. குறிப்பு எழுதவில்லை. கழற்றிக் கையில் எடுத்துவிட்டேன், அவ்வளவுதான்.

"அப்படியென்றால் இது ஒரு தோல் துண்டு" என்றார் அவர், கொடுமையில்லாமல். "உங்கள் தையல் பெட்டியிலும் இப்படிப் பல இருக்கும்."

"அவள் பொய் சொல்கிறாள் என்கிறாயா?" என்று தச்சர் எழுந்தார். என் சார்பில் பேசுகிறார் என்பதைவிட, ஐந்து வருடம் காத்திருந்த ஒரு வாய்ப்பு என்பதுதான் அதில் அதிகம்.

"படம் இல்லை என்கிறேன்."

"நீ கல்யாணம் கட்டினதற்கே படம் கேட்கிற ஆள்!"

கூச்சல் நின்றபோது, என் கணவர் வாய் திறந்தார். "இன்னும் ஐந்து பிடி இருக்கிறதுதானே" என்றார் ஆங்கிலத்தில், அமைதியாக. "போய்ப் பாருங்கள்."

பதின்மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராகப் பெட்டிக்குள் ஏறினோம். ஆசிரியர் மஞ்சள் நாடாவின் முன் ஒரு கணம் தயங்கினார். பிறகு தாண்டினார். நான்காம் அறைக்குள் அவர் டோர்ச்சோடு தரையில் படுத்து, ஒவ்வொரு பிடியையும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்தார். அதற்கே முக்கால் மணி நேரம். வெளியே நடைபாதையில் எங்களுக்கு மூச்சு முட்டியது. எஞ்சினுக்கு நெருப்பு மூட்டியவர்கள் வந்து எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். இனி ஒன்றைக் கழற்ற வேண்டும். ஆசிரியர் திருப்புளியை என் கணவரிடம் நீட்டினார்.

அவர் கையைக் கட்டிக்கொண்டார். என்னிடம் தமிழில், "நான் களட்டினா, நான்தான் உள்ளுக்கு வைச்சது எண்டு நாளைக்குச் சொல்லுவினம்" என்றார். பிறகு தச்சரைக் கைகாட்டினார்.

தச்சர் எல்லோரையும் பார்த்தார். அவர் தம் வீட்டுப் பட்டறையில் இரண்டு வருடம் செலவிட்டு, நான்கு எரிவாயு விளக்குகளின் பித்தளைக் கூடுகளைத் தட்டித் தட்டி உருவாக்கியிருந்தார். அவற்றில் சுடர் எரியப் போவதில்லை. மரப்பெட்டிக்குள் நெருப்புக்கு அனுமதி கிடையாது. என்றாலும் அவ்வளவு அழகிய நான்கு பொருட்களை அந்தக் கொட்டகையில் நான் கண்டதில்லை. அந்தப் பிடிக்குக் கீழே தோல் இருந்தால் அவற்றுக்கு இடமில்லை. அது அவருக்குத் தெரியும். முட்டியில் கை ஊன்றிக் குனிந்து, திருகாணியை மெல்ல மெல்லக் கழற்றினார். பிடியைத் தூக்கினார். அரை விரலால் தடவினார்.

"சிவப்பு" என்றார். பிறகு மனமார ஒரு கெட்ட வார்த்தை.

ஐந்தில் மூன்றின் கீழே தோல் இருந்தது. இரண்டின் கீழே இல்லை. அந்த இரண்டைப் பற்றி ஆசிரியர் இன்னும் அரை மணி நேரம் பேசினார். ஆனால் பேசும்போதே கோப்பைத் திறந்து புதிய பக்கம் ஒன்றில் எழுதிக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி நான் புதன்கிழமைகளில் கேட்ட எல்லாவற்றுக்கும் நடுவே, தமக்குப் பிடிக்காத ஆதாரத்தையும் கோப்பில் சேர்க்கிறவர் என்று ஒருவரும் சொன்னதில்லை. பச்சை போயிற்று. எரிவாயு விளக்கு போயிற்று. கூரை வார்னிஷா வெண்மஞ்சளா என்பது இன்று வரை தீரவில்லை. மற்றதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள். பேனாவுக்காகவும் ஒரு சிறு தகராறு நடந்தது.

மேலாளர் வந்தார். அந்தப் பக்கத்தை வாசித்தார். பதினொரு வருடத்துக்குப் பிறகு ஒரு பக்கமா என்று கேட்டார். ஓம் என்றோம். கூரையின் கீழே இன்னும் ஒரு வருடம் தந்தார். என் பங்குக்கு, நாடாவுக்கு அப்பாலுள்ள அறைகளுக்கு மேலும் எட்டுச் சிவப்பு மெத்தைகள். வீட்டுக்கு வரும் வழியில் கணவரிடம், "இப்ப சந்தோசமோ?" என்று கேட்டேன். "லைட் இருக்கும்" என்றார். நன்றி என்ற சொல்லை அவர் வாயிலிருந்து எதிர்பார்ப்பதை நான் நிறுத்தி நெடுநாள்.

அடுத்த புதன்கிழமை தச்சர் வரவில்லை. அதற்கடுத்த புதனும் வரவில்லை. மூன்றாவது புதன் வந்தார். நேரே ஐந்தாம் அறைக்குள் போய், விளக்கைப் போட்டு, அணைத்து, திரும்பவும் போட்டார்.

"இது என்ன, சத்திரசிகிச்சை அறையா? இந்த வெளிச்சத்தில் என் மரம் பிளாஸ்ரிக் மாதிரி இருக்கிறது. உன் ஆளை வரச் சொல்."

"அவர் சனிக்கிழமை."

"புதன்கிழமை வரச் சொல். நான் சனிக்கிழமைகளில் வருவதில்லை."

என் கணவர் கிடங்கில் தாமாக ஒரு நாள் விடுப்புக் கேட்டதை நான் இதற்கு முன் கண்டதில்லை, காய்ச்சலோடும் போகிறவர். அந்த வாரம் கேட்டார். மடித்து வைத்த சுற்றுப்படத்தை எடுத்துக்கொண்டு, இரண்டு வகை மின்குமிழ்களை ஒரு சோற்றுப் பெட்டிக்குள் பஞ்சில் சுற்றி வைத்துக்கொண்டு, புதன்கிழமை காலை எனக்கு முன்பே காருக்குள் போய் இருந்தார். கொட்டகையில் இருவரும் ஐந்தாம் அறைக்குள் நின்று தர்க்கிக்கத் தொடங்கினார்கள். குமிழ் மஞ்சளாக இருந்தால் மட்டும் போதாது, மங்கலாகவும் வேண்டும் என்றார் தச்சர். மங்கலாக்கினால் கம்பி சூடாகும் என்று யாரோ சொல்லி அவர் கேட்டிருக்கிறாராம். "நோ, நோ, லிஸன்" என்றார் என் கணவர். அந்தக் குரலை நான் எங்கள் வீட்டில் கேட்டதில்லை. ஒரு பலகைத் துண்டில் பென்சிலால் கீறி விளக்கினார். தச்சர் கேட்டார். ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொரு கேள்வி கேட்டார், அது முந்தியதைவிடக் கஷ்டமான கேள்வியாக இருந்தது. என் கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார்.

நான் ஆறாம் அறையில் உட்கார்ந்து ஒரு பழைய பச்சை மெத்தையின் ஓரத்து ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். ஸ்மோகோவுக்கு மணி அடித்தது. இருவரும் அசையவில்லை. அவர்களுடைய தேநீரை நானே எடுத்துவந்து நடைபாதையில் வைத்தேன், அது ஆறிப்போயிற்று.